கண் கலங்க வைக்கும் மேடைப் பாட்டுகள்: திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இசைநாடகங்களின் ஒலிப்பதிவுகளைத் திருகோணமலையில் நாங்கள் சில பேர் சேர்ந்திருந்து கேட்டு வருகிறோம். கேள்விப்பட்டவர்கள் நகரத்துக்குள்ளிருந்தும் மூதூர், தம்பலகாமம் பக்கமிருந்தும் கேள்வி கேட்கிறார்கள். அநேகமாக எல்லாரும் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் உள்ள விருப்பு வெறுப்பு என்னுடையது.

காஸ்ட் ரெக்கோர்டிங் எண்டால் என்ன? சினிமாப் பாட்டு ஆல்பம் மாதிரியா?

இல்லை. சினிமாவில் பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் இன்னொருவர். இங்கே மேடையில் இரவிரவாக அந்தப் பாத்திரத்தை நடித்துப் பாடுகிறவரையே கலையகத்துக்குக் கூட்டிவந்து பாடவைக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த வழக்கத்தை நிலைநிறுத்தியது 1943இல் டெக்கா கம்பனி வெளியிட்ட ‘ஓக்லஹோமா’ பதிவு. அப்போது இருந்தவை 78 சுழற்சி இசைத்தட்டுகள். ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்த பிறகுதான் ஒரு நாடகத்தின் பாட்டுகளை ஒரே தட்டில் கேட்க முடிந்தது.

பெரும்பாலான பழைய பதிவுகள் குழுவுக்கு விடுமுறையான ஒரே நாளில் எடுக்கப்பட்டவை. 1970இல் ‘கொம்பனி’ நாடகத்துக்குப் பதிவு நடந்தபோது எலெய்ன் ஸ்ட்ரிச் என்ற நடிகை விடியும் வரை பாடியும் தன் பாட்டு அமையாமல், பிறகு இன்னொரு நாள் வந்து பாடி முடித்தார். அந்த இரவை பென்னபேக்கர் என்ற இயக்குநர் ஆவணப்படமாகவே எடுத்து வைத்திருக்கிறார். பாட்டைக் கேட்க நேரமில்லாவிட்டாலும் அந்தப் படத்தைப் பாருங்கள். தொண்டை கட்டிப்போன மனுசி தன்மேல் தானே எரிச்சல்படுவதை அதில் காணலாம்.

நாடகத்தையே பாக்கேல்லை. வெறும் பாட்டைக் கேட்டு எப்பிடி அழுகை வரும்?

வராது. இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்வேன். “ஆகச் சோகமான பத்துப் பாட்டு” என்று யாராவது தொகுத்து வைத்ததைப் போட்டுக் கேட்டால் நல்ல குரல்கள் காதில் விழும், கண் நனையாது. யார் பாடுகிறார், யாரிடம் பாடுகிறார், அதற்கு முன்னர் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கதைச் சுருக்கத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு, பதிவை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஷஃபிள் பொத்தானைத் தொட வேண்டாம்.

இந்தப் பாட்டுகளில் கண்ணீர் வரும் இடம் அநேகமாக இரண்டாவது தடவைதான். முதல் பாதியில் சந்தோசமாகவோ சாதாரணமாகவோ வந்த மெட்டு, பிற்பாதியில் நிலைமை தலைகீழான பிறகு திரும்பி வரும். முதல் தடவையைக் கேட்காதவருக்கு இரண்டாவது தடவை இன்னொரு மெதுவான பாட்டு, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் சொல்லுங்கோ.

‘ஹமில்டன்’ 2015இல் பிராட்வேக்கு, அதாவது நியூயோர்க்கின் பெரிய நாடக அரங்குகளுக்கு, வந்தது. அமெரிக்காவின் ஆரம்பகால அரசியல்வாதி ஒருவரின் கதை. ராப் பாட்டு நிறைந்த நாடகம் என்பதால் எங்களில் வயது கூடியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இரண்டாம் பாதியில் ‘டேக் எ பிரேக்’ என்றொரு பாட்டு. ஒன்பது வயது மகன் பிலிப்புக்குத் தாய் எலைசா பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். பிரெஞ்சு மொழியில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணிப் பாட வேண்டும். பையன் ஏழு, எட்டு, ஒன்பதில் குறும்பாக மெட்டை மாற்றுகிறான். தாய் திருத்துகிறாள், அவன் திரும்பவும் மாற்றுகிறான். கேட்கிறவர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்.

பத்துக்கு மேற்பட்ட பாட்டுகளுக்குப் பிறகு அதே மகன் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டுக் கிடக்கிறான். தாய் ஓடி வருகிறாள். நீங்கள் சொல்லித்தந்ததை மறந்துவிட்டேன், மன்னியுங்கள் அம்மா என்கிறான். இருவரும் அந்த எண்ணிக்கையைப் பாடத் தொடங்குகிறார்கள். மகன் மூன்றோடு நின்றுவிடுகிறான். தாய் மட்டும் ஏழு, எட்டு, ஒன்பது என்று தொடர்கிறாள். திரும்பவும் ஏழு, எட்டு என்கிறாள், ஒன்பது வரவில்லை. பாட்டில் “இறந்துவிட்டான்” என்று யாரும் சொல்வதில்லை. சாகிறவனும் பெற்றவளும் கடைசியில் எண்களை மட்டும்தான் பாடுகிறார்கள்.

அதற்கு அடுத்து வருவது ‘இட்ஸ் குவயற் அப்டவுன்’. இணையத்தில் எல்லாரும் அழுததாகச் சொல்வது அந்தப் பாட்டை. என்னைக் கேட்டால் அழவைக்கிற வேலை அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. அது பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த நாட்கள் எப்படிப் போகும் என்பதைக் காட்டுகிற பாட்டு.

ஹமில்டன் பதிவு கிட்டத்தட்ட முழு நாடகத்தையும் கொண்டது. ஆனால் முதல் பாதி முடிவில் ஹமில்டனின் நண்பன் லோரன்ஸ் இறந்த செய்தி வரும் சிறு காட்சியை, நாடகத்தை எழுதிய லின்-மானுவெல் மிரண்டா வேண்டுமென்றே பதிவில் சேர்க்கவில்லை. மேடையில் பார்க்கிறவர்களுக்கென்று ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்.

‘லே மிசராப்’ தான் ஆகச் சோகமானது எண்டு சொல்லுகினம். உண்மையா?

ஆகச் சோகமானது எது என்று எனக்குத் தராசு பிடிக்கத் தெரியாது. ஆனால் மெட்டு திரும்பி வருகிற வித்தையை இவ்வளவு துணிச்சலாகப் பயன்படுத்திய நாடகம் குறைவு. லண்டனில் 1985இல் மேடையேறியது. பாரிஸில் அதன் பிரெஞ்சு வடிவம் 1980இலேயே வந்துவிட்டது. இசை குளோட்-மிஷெல் ஷோன்பேர்க்.

‘பிரிங் ஹிம் ஹோம்’ பாட்டை எடுங்கள். தெருச் சண்டையில் கடைசித் தாக்குதலுக்கு முந்திய இரவு. வயதாகிப்போன ஜோன் வல்ஜோன், நித்திரையில் கிடக்கும் மரியுஸ் என்ற இளைஞனுக்காகக் கடவுளிடம் இரக்கிறான். அந்தப் பையன் அவனுடைய வளர்ப்பு மகளை விரும்புகிறவன், அவளை அவனிடமிருந்து பிரித்துக்கொண்டு போகப் போகிறவன். அப்படியிருந்தும் இவனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர், சாவதென்றால் நான் சாகிறேன் என்கிறான். லண்டனில் முதலில் வல்ஜோனாக நடித்த கொல்ம் வில்கின்சன் இதை உரத்துப் பாடாமல் மேல் ஸ்தாயியில் மெல்லிய பொய்க்குரலில் பாடுவார். சண்டைக்காரர்கள் நித்திரை, அவர்களை எழுப்பிவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

கடைசிக் காட்சியில் அதே மெட்டு, அதே முதலடி. இப்போது வல்ஜோன் சாகக் கிடக்கிறான். அன்று பையனுக்காகக் கேட்டதை இன்று தனக்காகக் கேட்கிறான்: என்னைக் கூட்டிக்கொண்டு போ. இந்த இடத்தைத் தவறவிடாமல் கேட்க முழுமையான சிம்பொனிக் பதிவுதான் நல்லது. முதற்குழுப் பதிவில் நாடகத்தின் பல இணைப்புப் பகுதிகள் இல்லை.

‘எம்ப்டி செயர்ஸ்’ பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. கூடத் திரிந்த நண்பர்கள் எல்லாரும் செத்து, ஒருவன் மட்டும் மிஞ்சி, அவர்கள் இருந்த கதிரைகளைப் பார்த்துப் பாடுவது. எங்கள் மாவட்டத்தில் அதற்கு விளக்கவுரை தேவைப்படுகிறவர்கள் குறைவு.

அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது. அவவுக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?

‘ஃபிட்லர் ஒன் த ரூஃப்’. வேறு யோசனையே வேண்டாம்.

1964இல் பிராட்வேயில் வந்தது. இசை ஜெரி பொக், பாடல் ஷெல்டன் ஹார்னிக், மூலக்கதை ஷோலெம் அலைகெம். கதையைத் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ரஷ்ய ஆட்சியில் ஒரு யூதக் கிராமம், காலம் 1905. டெவியே என்ற ஏழைப் பால்காரன், கரைசேர்க்க வேண்டிய ஐந்து பெண் பிள்ளைகள், தரகுக்காரி, சீதனக் கவலை. மூத்தவள் தகப்பன் பார்த்தவனை விட்டுத் தையல்காரனைக் கட்டுகிறாள். அடுத்தவள் புரட்சி பேசுகிறவனை விரும்புகிறாள். மூன்றாமவள் வேற்று மதத்தவனோடு போய்விடுகிறாள், தகப்பன் அவளைத் தலைமுழுகுகிறான். இதைக் கேட்டுவிட்டு “இது எங்கட சனத்திண்ட கதையெல்லோ” என்று சொல்லாத தாய்மாரை நான் காணவில்லை.

இதில் ‘சன்ரைஸ் சன்செற்’ கல்யாண வீட்டுப் பாட்டு. தாயும் தகப்பனும் மணவறையில் நிற்கும் மகளைப் பார்த்து, இவள் எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று கேட்கிறார்கள். சொற்கள் மிக எளியவை, ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் போதும். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு அடி விட்டு ஒரு அடி சொல்லிக் கொடுங்கள்.

ஊரை விட்டு வந்த ஆக்களுக்கு ஏதாவது பாட்டு இருக்கா?

அதே நாடகத்தின் முடிவுதான். மூன்று நாளுக்குள் ஊரைக் காலிபண்ணச் சொல்லி ஆணை வருகிறது. அப்போது வருகிற ‘அனடெவ்கா’ பாட்டு, ஊரின் பெருமையைப் பாடும் பாட்டு இல்லை. இந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது என்று அலட்சியமாகத் தொடங்குகிறார்கள். ஒரு சட்டி, ஒரு விளக்குமாறு, ஒரு தொப்பி, எப்போதோ நெருப்பு வைத்திருக்க வேண்டிய இடம் என்று ஏளனமாக எண்ணிக்கொண்டு போகிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்கி, தெரிந்த முகம் ஒன்றையும் காணாத புது இடத்தில் நான் யாரோ ஒரு அந்நியன் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது.

2006இல் சம்பூரை விட்டு வெளிக்கிட்டு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் பத்தாண்டளவு இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் இங்கே இருக்கிறார்கள். முகாமில் இருந்த காலத்தில் கேட்டால் அவர்களும் ஊரைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லமாட்டார்கள். கிணற்றுத் தண்ணீர், வேலியில் நின்ற ஒரு முருங்கை, எருமைத் தயிர் என்று சின்னச் சின்னதாகத்தான் வரும்.

நாடகத்தில் இன்னொரு இடம். பாட்டில் வராது, வசனத்தில் வரும். வண்டியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. டெவியேயின் மனைவி கோல்டே விளக்குமாற்றை எடுத்து வீட்டைக் கூட்டத் தொடங்குகிறாள். திரும்பி வரப்போவதில்லை, இனி யாரோ குடியிருக்கப் போகிற வீடு. குப்பையோடு விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறாள். 1971இல் வந்த படத்தில் இதைப் பார்க்கலாம்.

பிள்ளை வெளிநாட்டில. எதைக் கேக்காமல் விடுறது நல்லது?

இரண்டு பாட்டு.

ஒன்று, ஃபிட்லரிலேயே ‘ஃபார் ஃப்ரொம் த ஹோம் ஐ லவ்’. இரண்டாவது மகள் ஹோடெல், சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட தன் ஆளிடம் போகப் புறப்படுகிறாள். ரயில் நிலையத்தில் தகப்பன் மட்டும் கூட நிற்கிறான். விரும்பித்தான் போகிறேன், ஆனால் போக மனமில்லை என்பதை அவனுக்கு விளங்கப்படுத்தப் பார்க்கிறாள். இரவு பத்து மணிக்கு வான் பிடித்துக் கட்டுநாயக்காவுக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று கைகாட்டிவிட்டு வந்தவர்கள் இதைத் தனியாகக் கேட்க வேண்டாம்.

மற்றது ‘டியர் எவன் ஹான்சன்’ நாடகத்தில் ‘சோ பிக் சோ ஸ்மோல்’. பிராட்வேக்கு வந்தது 2016 கடைசியில். கணவன் விட்டுப்போன பிறகு தனியாகப் பிள்ளை வளர்த்த தாய், பதின்வயது மகனுக்கு ஒரு பழைய நாளைச் சொல்கிறாள். தகப்பன் தன் சாமான்களை ஏற்ற லொறி கொண்டுவந்த நாள். சின்னப் பையனுக்கு லொறியைக் கண்ட புளுகம், சாரதி இருக்கையில் ஏறி இருந்து பார்த்தான். அன்று இரவு படுக்க வைக்கும்போது கேட்டானாம்: இன்னொரு லொறி வருமா, அம்மாவைக் கொண்டுபோக? தாயாக நடித்த ரேச்சல் பே ஜோன்ஸ் இந்த வரியை அழுத்தாமல், கிட்டத்தட்டப் பேச்சாகவே விட்டுவிடுகிறார். கொஞ்சம் அழுது பாடியிருந்தால் எங்களுக்கு அழுகை வந்திருக்காது.

இசையிலயே ஏதும் தந்திரம் இருக்கா?

இருக்கிறது. இங்கிலாந்து உளவியலாளர் ஜோன் ஸ்லொபோடா 1991இல் வெளியிட்ட ஆய்வில், எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது, எந்த இடத்தில் மயிர்க்கூச்செறிகிறது என்று கேட்டு, அந்த இடங்களை இசைக்குறிப்பில் தேடிப் பார்த்தார். கண்ணீரோடு அதிகம் சேர்ந்து வந்தவற்றில் ஒன்று, மெட்டு தனக்குரிய சுரத்தில் இறங்காமல் பக்கத்துச் சுரத்தில் ஒரு கணம் சாய்ந்து நின்று, பிறகு இறங்குவது. கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதில்லை.

தாவலும் ஒரு தந்திரம். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ நாடகத்தின் (1957, இசை பேர்ன்ஸ்டைன்) ‘சம்வெயர்’ பாட்டில் முதல் இரண்டு சுரமும் ஸவிலிருந்து மேலே கைசிகி நிஷாதத்துக்கு ஒரே எட்டு. மேல் ஸவுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எட்டவில்லை. எங்கேயோ நமக்கும் ஒரு இடம் இருக்கும் என்று ஏங்கும் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது.

லிவர்பூல் ஆக்கள் மைதானத்தில பாடுறதும் நாடகப் பாட்டோ?

ஓம். பந்தடிக்கிற ஊர் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ‘யூ வில் நெவர் வோக் அலோன்’ 1945இல் வந்த ‘கரூசெல்’ நாடகத்தின் பாட்டு. புருசன் செத்துக் கிடக்க, அழவும் முடியாமல் நிற்கும் ஜூலிக்கு ஆறுதலாகப் பாடப்படுவது. கடைசியில், மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் விழாவில் திரும்ப வரும். 1963இல் ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் பாடிய பிறகுதான் மைதானத்துக்குப் போனது.

‘ரெண்ட்’ பதிவைப் பற்றி ஏன் எல்லாரும் மெல்லமாக் கதைக்கினம்?

அதை எழுதி இசையமைத்த ஜொனதன் லார்சன், நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி நடக்க இருந்த 1996 ஜனவரி 25 அன்று அதிகாலை 35 வயதில் இறந்துபோனார். பெருநாடி கிழிந்தது. அன்றிரவு குழுவினர் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் முன்னால் நாடகத்தைப் பாடிக் காட்டினார்கள். ஒரு வருசத்தின் நிமிடங்களை எண்ணித் தொடங்கும் ‘சீசன்ஸ் ஒவ் லவ்’ பாட்டை அந்தக் குழுவேதான் பதிவிலும் பாடுகிறது.

புகழ் பெரிசு, அழுகை வராது: அப்பிடி எதுவும்?

‘கேட்ஸ்’ நாடகத்தின் ‘மெமரி’. நல்ல மெட்டு, ஆனால் பூனைகளின் கதை எனக்கு ஒட்டவில்லை. அடிக்க வராதீர்கள்.

இதெல்லாம் எங்கட கூத்தில இல்லாததா?

இருக்கிறது, சில இடங்களில் இதைவிடக் கடுமையாக இருக்கிறது. அரிச்சந்திரன் மயான காண்டத்தை எடுங்கள். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குத் தூக்கி வருகிறாள். காவல் நிற்பவன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக்கொண்டு வா என்கிறான். அவளுடைய தாலி புருசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டவன் யார் என்று அவளுக்கு விளங்குகிற அந்தக் கணத்தை காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து நாடு முழுக்கக் கொண்டுபோய் சனத்தை அழவைத்தார்.

கிழக்கின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் இன்னொன்று உண்டு, பிராட்வேயில் கிடையாது. ஆட்டக்காரர் பாடிய அடியை, கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் திருப்பிப் பாடுவார்கள். ஒருத்தியின் துக்கத்தை ஒரு கூட்டம் வாங்கிச் சொல்கிறது. களரியைச் சுற்றி இருக்கும் சனம் அழுவது தனித்தனியாக இல்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு ‘பிரிங் ஹிம் ஹோம்’ கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. நாங்கள் சேர்ந்திருந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோணேசர் மலையில் இராவணன் வெட்டும், தாய்க்குக் கடன் கழிக்க அவன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் இருக்கிற ஊர் இது. 1960களில் பேராதனையில் சு. வித்தியானந்தன் தயாரித்த ‘இராவணேசன்’ கூத்தை இங்கத்தைய இளம் பிள்ளைகள் பலர் கேள்விப்படாமலே இருப்பதுதான் எனக்குக் கவலை.

அப்ப எங்கட கூத்துகளை ஏன் இப்பிடிப் பதிஞ்சு வைக்கேல்லை?

பதிகிறார்கள், ஃபோனில். மத்தளத்துக்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடித்தால் மத்தளமும் சல்லரியும்தான் விழும், பாட்டு விழாது. பக்கத்தில் இருக்கிறவர் கச்சான் கோது உடைக்கிற சத்தமும் சேரும். விடிய விடிய ஆடுகிற கூத்தில் எந்தக் குரலும் மூன்று மணிக்குப் பிறகு பதிவுக்கு உகந்ததாக இருக்காது.

செய்யக்கூடியது இதுதான்: அரங்கேற்றம் முடிந்த கிழமையே, பாட்டு இன்னும் வாயில் இருக்கும்போது, ஆட்டக்காரரையும் பிற்பாட்டையும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பகலில் இருத்தி, ஆட்டமில்லாமல் பாட மட்டும் சொல்லிப் பதிவது. மத்தளம் தள்ளி இருக்கட்டும், மைக் பாடுகிறவருக்குக் கிட்ட இருக்கட்டும். ஜன்னலுக்குத் துணி கட்டி எதிரொலியைக் குறையுங்கள். அண்ணாவியாரிடம் ஏட்டை வாங்கிப் பாட்டு வரிகளையும் படம் எடுத்து வையுங்கள். பிராட்வேயில் விடுமுறை நாளில் செய்ததும் இதுதானே.

எங்க இருந்து, எப்பிடிக் கேக்கிறது நல்லது?

முக்கியமான பதிவுகள் எல்லாம் யூடியூபிலும் ஸ்பொட்டிஃபையிலும் இருக்கின்றன. வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வரும் இரவு மெயில் ஒரு நாடகத்தை இரண்டு தடவை கேட்கக் காணும். கல் ஓயாச் சந்தியில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். இரண்டாம் பாதியை அங்கே தொடங்கினால் சீனன்குடா வர முன்னம் முடிந்துவிடும், முகம் கழுவவும் நேரம் இருக்கும்.